தேடுபொறிக்குப் புரியும்படி பக்கம் அமைப்பது: செமாண்டிக் மார்க்கப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளம் நடத்துகிறவர்களும், அவர்களுக்குத் தளம் அமைத்துத் தருகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். அடிப்படைக் கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, எங்கே பார்ப்பது என்று மட்டும் குறித்திருக்கிறேன்.

பக்கத்துல எல்லாம் தெளிவாத்தானே எழுதியிருக்கு, கூகுளுக்குத் தனியா எதுக்குச் சொல்லணும்?

தெளிவு மனிதருக்கு இருக்கிறது, சரி. ஒரு புத்தகத்தைப் பற்றிய பக்கத்தில் 320, 450, 2019 என்று மூன்று எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் எத்தனை, விலை என்ன, எந்த ஆண்டு வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் நமக்குத் தெரிந்துவிடும். எழுத்தின் அளவு, நிறம், அருகிலுள்ள சொல் எல்லாம் சேர்ந்து உதவுகின்றன. பக்கம் எழுதப்பட்டிருக்கும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் பார்த்தால் மூன்றும் மூன்று டிவ்களுக்குள், அதாவது பொருள் எதுவும் சொல்லாத வெறும் பெட்டிகளுக்குள், கிடக்கும். எது எது என்று தேடுபொறி ஊகிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கும். தவறும்போது ஆண்டு விலையாகிவிடும்.

இது விலை, இது ஆண்டு, இந்தப் பெயர் நூலாசிரியருடையது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை. செமாண்டிக் மார்க்கப் செய்வது இவ்வளவுதான்: பக்கத்தில் ஏற்கெனவே இருப்பது இன்னது என்று பெயர் சொல்கிறது. இல்லாத ஒன்றைச் சேர்க்கும் வேலை அதற்குக் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

செமாண்டிக் எச்டிஎம்எல், ஸ்கீமா, ஸ்ட்ரக்சர்டு டேட்டா, ரிச் ரிசல்ட்... எல்லாம் ஒண்ணுதானா?

நான்கும் வேறு வேறு. செமாண்டிக் எச்டிஎம்எல் என்றால், தலைப்புக்குத் தலைப்பு டேக், கட்டுரைக்கு ஆர்ட்டிகிள் டேக், பட்டியலுக்குப் பட்டியல் டேக் என்று எச்டிஎம்எல்லின் சொந்த டேகுகளை (பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் அடையாளங்களை) அந்தந்தப் பொருளுக்கே பயன்படுத்துவது. ஸ்ட்ரக்சர்டு டேட்டா அதற்கு மேல் ஒரு படி. இந்தப் பக்கம் ஒரு புத்தகத்தைப் பற்றியது, இன்னார் எழுதியது என்று இயந்திரம் படிக்கும் வடிவில் தனியாகத் தரும் தகவல் அது. அதை எழுதப் பயன்படும் பொதுவான சொற்பட்டியல்தான் ஸ்கீமா.ஆர்க். தேடல் முடிவில் நட்சத்திரம், விலை, படம் என்று கூடுதல் விவரத்தோடு வருகிறதே, அது ரிச் ரிசல்ட். அதைக் காட்டுவதா வேண்டாமா என்பது தேடுபொறியின் முடிவு.

ஸ்கீமா.ஆர்க் 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து தொடங்கியது. ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸ் அதே ஆண்டில் பின்னர் சேர்ந்தது. போட்டியாளர்கள் ஒரே சொற்பட்டியலுக்கு ஒப்புக்கொண்டதால் நமக்குத்தான் லாபம். ஒருமுறை எழுதினால் எல்லாருக்கும் ஆகிறது.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது? நேரா ஸ்கீமா போட்டுடலாமா?

வேண்டாம். முதலில் எச்டிஎம்எல்லைச் சரி செய்யுங்கள். பல தளங்களில் பக்கம் முழுக்க டிவ்களும் ஸ்பான்களும்தான். அதன்மேல் அருமையான ஸ்கீமாவை ஒட்டினாலும் அடியிலுள்ள குழப்பம் அப்படியேதான் இருக்கும்.

பக்கத்தின் முதன்மைத் தலைப்புக்கு எச்1, அதன் கீழ்ப் பிரிவுகளுக்கு எச்2, அவற்றின் உட்பிரிவுகளுக்கு எச்3. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்1 போடாதீர்கள், அளவை மாற்ற, தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் இருக்கிறது. முதன்மை உள்ளடக்கம் மெயின் டேகுக்குள், மெனு நேவ் டேகுக்குள், தேதி டைம் டேகுக்குள் வரட்டும். படத்துக்கு ஆல்ட் என்ற மாற்று விவரம் எழுதும்போது படத்தில் இருப்பதை எழுதுங்கள், தேடல் சொற்களைத் திணிக்காதீர்கள்.

இதில் தேடுபொறியைவிட முக்கியமான பயனாளி ஒருவர் இருக்கிறார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கும் பார்வையற்ற வாசகர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் ஒரு பக்கத்தை நோட்டம் விடுகிறார். தலைப்பு டேகே இல்லாத பக்கத்தில் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரை கேட்டாக வேண்டும். தேடுபொறி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்த வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

மைக்ரோடேட்டா, ஆர்டிஎஃப்ஏ, ஜேசன்-எல்டி மூணு இருக்காமே, எதை எடுக்கறது?

ஜேசன்-எல்டி. மூன்றும் ஸ்ட்ரக்சர்டு டேட்டாவை எழுதும் முறைகள். மூன்றையும் கூகுள் படிக்கிறது, ஆனால் அது பரிந்துரைப்பது ஜேசன்-எல்டியைத்தான். நானும் அதையே சொல்வேன். மற்ற இரண்டிலும் ஒவ்வொரு எச்டிஎம்எல் டேகுக்குள்ளும் குறிப்பைச் செருக வேண்டும். யாராவது வடிவமைப்பை மாற்றினால் குறிப்பும் போய்விடும். ஜேசன்-எல்டி ஒரே ஸ்கிரிப்ட் டேகுக்குள் தனித் தொகுப்பாக இருப்பதால் வடிவமைப்பு மாறினாலும் அது பிழைத்துக்கொள்ளும். 2014இல் இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி இதைப் பரிந்துரைத் தரமாக அறிவித்தது.

பழைய தளத்தில் மைக்ரோடேட்டா சரியாக வேலை செய்துகொண்டிருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. புதிதாக எழுதுவதை மட்டும் ஜேசன்-எல்டியில் எழுதுங்கள்.

ஒரு சாதாரணக் கட்டுரைக்கு ஜேசன்-எல்டி எழுதினா உள்ள என்னதான் இருக்கும்?

முதல் வரி கான்டெக்ஸ்ட். ‘இங்கே வரும் சொற்கள் ஸ்கீமா.ஆர்க் சொற்கள்’ என்று அது சொல்லும். அடுத்தது டைப், இங்கே ஆர்ட்டிகிள். பிறகு ஹெட்லைன், இமேஜ், டேட் பப்ளிஷ்டு, டேட் மாடிஃபைடு, ஆத்தர். பத்துப் பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஆத்தரில். ‘எழுதியவர்: இன்னார், மூத்த ஆசிரியர், இன்ன இதழ்’ என்று முழு வரியையும் பெயருக்குள் போட்டுவிடுகிறார்கள். நேம் என்ற இடத்தில் ஆளின் பெயர் மட்டும்தான் வர வேண்டும். பதவிக்கு ஜாப் டைட்டில் என்று தனி இடம் இருக்கிறது, இதழின் பெயர் பப்ளிஷருக்குப் போகும். இரண்டு பேர் எழுதியிருந்தால் ஒரே நேமுக்குள் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதாமல் இரண்டு ஆத்தராகக் கொடுங்கள். எழுதியவருக்குத் தளத்தில் அறிமுகப் பக்கம் இருந்தால் அதன் முகவரியை யூஆர்எல்லில் தாருங்கள்.

அடுத்தது தேதி. 03-04-2024 என்று எழுதினால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்று இயந்திரத்துக்கு மட்டுமில்லை, நமக்கே தெரியாது. ஐஎஸ்ஓ 8601 முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-04-03 என்று எழுத வேண்டும். நேரமும் சேர்த்தால் நேர மண்டலத்தையும் சேருங்கள். விலை எழுதும்போது 1,250 என்று காற்புள்ளி வேண்டாம், 1250 போதும். நாணயக் குறியும் அதோடு ஒட்டக்கூடாது. பிரைஸ் கரன்சி என்ற தனி இடத்தில் மூன்றெழுத்து நாணயக் குறியீடாக அது வர வேண்டும்.

என் தளம் தமிழ்ல இருக்கு. மார்க்கப்பையும் தமிழ்லயே எழுதலாமா?

டைப், ஹெட்லைன், ஆத்தர் போன்ற பண்புப் பெயர்களை ஸ்கீமா.ஆர்க்கில் உள்ளபடி ஆங்கில எழுத்தில், அதே பெரிய எழுத்து சிறிய எழுத்தோடு எழுத வேண்டும். அவற்றுக்கு நேரே வரும் மதிப்புகள் தமிழில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பக்கத்தில் தமிழ்த் தலைப்பு இருக்க, ஹெட்லைனில் ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாக எழுதுவது தேவையற்ற வேலை. கோப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் இருந்தால் தமிழ் எழுத்தை அப்படியே போடலாம். இன் லாங்குவேஜ் என்ற பண்பில் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறியைக் கொடுங்கள்.

எச்டிஎம்எல் டேகிலும் லாங் பண்பில் அதே குறியைப் போடுங்கள். கூகுள் பக்கத்தின் மொழியைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்திலிருந்துதான் கண்டுபிடிக்கிறது, லாங் பண்பைப் பார்ப்பதில்லை. ஆனால் ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அது வேண்டும்.

பழைய தளங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த பக்கங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. தேடுபொறி படிப்பது அதைத்தான். அப்படிப்பட்ட பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு எந்த மார்க்கப் வேலையிலும் இறங்காதீர்கள்.

வேர்ட்பிரஸ்ல பிளக்கின் போட்டாச்சு. அதுவே எல்லாம் பார்த்துக்கும்தானே?

முக்கால்வாசி பார்த்துக்கொள்ளும். மீதிக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஏதேனும் ஒரு கட்டுரையைத் திறந்து, வலது கிளிக் செய்து, பக்கத்தின் மூலத்தில் எல்டி+ஜேசன் (ld+json) என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் ஒரு தொகுப்பைப் போட்டிருக்கும், கூடுதல் வசதிக்காகச் சேர்த்த பிளக்கின் இன்னொன்றைப் போட்டிருக்கும். ஒன்றில் எழுதியவரின் பெயர் இருக்கும், மற்றதில் ‘அட்மின்’ என்று இருக்கும். ஒரே கட்டுரைக்கு இரண்டு ஆசிரியர்! ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள். வைத்துக்கொண்டதிலும் அட்மினுக்குப் பதிலாக உண்மையான பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் போட்டா முதல் பக்கத்துல வந்துடுமா?

அதற்காக மட்டும் செய்வதானால் செய்யாதீர்கள். ஸ்ட்ரக்சர்டு டேட்டா நேரடியாகத் தரவரிசையை உயர்த்துவதில்லை என்று கூகுள் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பக்கம் எதைப் பற்றியது என்று பிசகின்றிப் புரிவதும், ரிச் ரிசல்ட்டுக்குத் தகுதி வருவதும்தான் இதனால் கிடைப்பவை. விவரத்தோடு தெரியும் முடிவை மக்கள் அதிகம் கிளிக் செய்ய வாய்ப்புண்டு. அந்தப் பலனே பெரிதுதான்.

‘ஸ்கீமா போட்டு முதலிடம்’ என்று காசு கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

டெஸ்ட்ல பச்சை டிக் வருது, ஆனா தேடல்ல ஒண்ணும் காட்டல. என்ன தப்பு?

பெரும்பாலும் தப்பு எதுவும் இருக்காது. பச்சை டிக் என்றால் தகுதி இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். காட்டுவேன் என்று எந்தத் தேடுபொறியும் உறுதி தருவதில்லை.

எந்தச் சோதனையில் டிக் வந்தது என்பதையும் பாருங்கள். ஸ்கீமா.ஆர்க் வேலிடேட்டர் இலக்கணத்தைச் சரிபார்க்கிறது. கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட், கூகுள் கேட்கும் கட்டாயப் பண்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. ஸ்கீமா.ஆர்க்கில் 800க்கு மேற்பட்ட வகைகள் இருந்தாலும் கூகுள் சிறப்பாகக் காட்டுவது அவற்றில் ஒரு சிறு பகுதியைத்தான். நீங்கள் எழுதிய வகை அந்தப் பகுதியில் இல்லாவிட்டால் முதல் சோதனையில் தேறி, இரண்டாவதில் ஒன்றும் வராது.

பக்கத்தில் நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்னும் குறிப்பு) இருக்கிறதா, தேடுபொறி எங்கெல்லாம் வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு தடுக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றம் செய்த பிறகு தேடுபொறி மறுபடி வந்து படிக்கும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும். தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் கடைசியாக எப்போது படித்தது என்பது தெரியும்.

பிழைன்னு காட்டுது, ஆனா எங்கன்னு தெரியல. கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு.

மேற்கோள் குறியைப் பாருங்கள். வேர்டு கோப்பிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தால் நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். ஜேசனுக்கு நேர் மேற்கோள் மட்டும்தான் ஆகும். அடுத்து, கடைசிப் பண்புக்குப் பின் காற்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கக்கூடாது. மூன்றாவது சந்தேகத்துக்குரிய இடம், கட்டுரைத் தலைப்புக்குள்ளேயே வரும் இரட்டை மேற்கோள். அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு வேண்டும்.

ஜேசனில் ஒரு காற்புள்ளி பிசகினாலும் மொத்தத் தொகுப்பும் படிக்க முடியாமல் போகும். அதனால்தான் பிழை எங்கோ இருக்க, சோதனைக் கருவி வேறெதையோ சுட்டிக்காட்டுவது போலத் தோன்றுகிறது. அது காட்டும் வரியோடு, அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள்.

பக்கத்துல காட்டாத விவரத்தை மார்க்கப்ல மட்டும் போடலாமா? வாசகருக்குத் தொந்தரவு இல்லாம இருக்குமே.

கூடாது. முதல் பதிலில் சொன்னதுதான்: இருப்பதற்குத்தான் பெயர் சொல்கிறோம். வாசகர் பார்க்காத மதிப்பெண், பக்கத்தில் இல்லாத விலை, முடிந்துபோன தள்ளுபடி ஆகியவற்றை மார்க்கப்பில் மட்டும் வைப்பது இயந்திரத்திடம் ஒன்று, மனிதரிடம் ஒன்று என்று பேசுவது. தேடல் முடிவைப் பார்த்து நம்பி வந்த ஒருவர் உள்ளே வந்ததும் ஏமாறுகிறார் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய குறை.

கூகுளின் விதியும் இதைத் தடுக்கிறது. ஆள் பார்த்து எடுக்கும் மேனுவல் ஆக்‌ஷன் வந்தால் அந்தப் பக்கம் ரிச் ரிசல்ட்டுக்கான தகுதியை இழக்கும். சாதாரணத் தேடல் வரிசையை அது பாதிக்காது.

எங்க நிறுவனத்துக்கு எங்க தளத்துலயே அஞ்சு நட்சத்திரம் போட்டுக்கிட்டா?

2019 செப்டம்பரிலிருந்து கூகுள் அதைக் காட்டுவதில்லை. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே வெளியிடும் மதிப்பீடு, பக்கத்தில் பதித்த வேறொருவரின் விட்ஜெட் வழியாக வந்தாலும்கூட, நட்சத்திரமாக வராது. நீங்கள் விற்கும் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு வாடிக்கையாளர்கள் எழுதிய உண்மையான மதிப்பீடுகளுக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி-பதில் மார்க்கப் போட்டிருந்தேன், முன்னாடி தேடல்ல விரிஞ்சு வந்துச்சு, இப்ப காணோம். எடுத்துடவா?

உங்கள் பக்கத்தில் எதுவும் கெடவில்லை. 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தக் காட்சியை, பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் சுகாதாரத் தளங்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. செய்முறைக்கான ஹவ்-டு காட்சியை அடுத்த மாதமே முழுக்க நிறுத்தியது. மார்க்கப்பை எடுக்க வேண்டிய அவசியமில்லை, இருந்தால் கெடுதல் இல்லை. காட்சி தருகிறது என்பதற்காக மட்டும் உள்ளடக்கத்தை வளைத்து எழுதியவர்களுக்குத்தான் இதில் உண்மையான இழப்பு.

ஒரு சிறு தெளிவு: தளமே கேட்டுத் தளமே பதில் சொல்லும் பக்கத்துக்கு எஃப்ஏக்யூ பேஜ். ஒருவர் கேட்க, பலர் வந்து பதில் எழுதும் பக்கத்துக்குக் க்யூஏ பேஜ்.

ஒரே பேர்ல ஒரு டாக்டரும் இருக்கார், ஒரு எழுத்தாளரும் இருக்கார். எங்காளைத்தான் சொல்றேன்னு எப்படிப் புரியவைக்கறது?

இதற்குத்தான் சேம் அஸ் என்ற பண்பு. அவரைப் பற்றி ஐயமின்றிப் பேசும் வேறு பக்கங்களின் முகவரிகளை, அதாவது விக்கிடேட்டா பதிவு, விக்கிப்பீடியா பக்கம், அவருடைய சொந்தச் சமூக ஊடகக் கணக்கு ஆகியவற்றை அதில் தருகிறோம். தேடுபொறி சொற்களைத் தாண்டி, ஆட்களையும் இடங்களையும் பொருட்களையும் தனித்தனியாக அறிந்து வைத்திருக்கிறது. 2012இல் வந்த கூகுளின் நாலெட்ஜ் கிராஃப் அப்படிப்பட்டதுதான். சேம் அஸ், உங்கள் பக்கத்திலுள்ள பெயரை அந்த ஆளோடு இணைக்கிறது.

பலர் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். சேம் அஸ் என்றால் ‘இவரே அவர்’ என்று பொருள், ‘இவரோடு தொடர்புடையது’ என்றல்ல. ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவரின் சேம் அஸில் அந்தப் பல்கலைக்கழகத்தின் விக்கிப்பீடியா முகவரியைப் போட்டால், இந்த ஆள்தான் அந்தப் பல்கலைக்கழகம் என்று சொன்னதாகிவிடும். வேலை செய்யும் இடத்துக்கு வொர்க்ஸ் ஃபார் இருக்கிறது. கட்டுரை பேசும் பொருளைச் சுட்ட அபவுட் இருக்கிறது.

உங்கள் தளத்துக்குள்ளேயும் ஒரே ஆள் பல பக்கங்களில் வருவார். அவருக்கு ஐடி என்ற பண்பில் மாறாத ஒரு முகவரியைக் கொடுத்து, எல்லாப் பக்கங்களிலும் அதையே பயன்படுத்துங்கள். நூறு கட்டுரைகளும் ஒரே ஆளுடையவை என்பது அப்போதுதான் தெரியவரும்.

டேட் மாடிஃபைடை தினமும் மாத்திக்கிட்டே இருந்தா புதுப் பக்கம்னு நினைச்சுக்குமா?

உள்ளடக்கம் மாறாமல் தேதி மட்டும் மாறினால் அது பொய்த் தேதி. தகவலைத் திருத்தும்போதும், புதிதாகச் சேர்க்கும்போதும் மாற்றுங்கள். எழுத்துப்பிழை திருத்தியதற்கெல்லாம் வேண்டாம். பக்கத்தில் வாசகருக்குத் தெரியும் தேதியும் மார்க்கப்பில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் வழியா மார்க்கப்பைச் சேர்த்தா கூகுள் படிக்குமா?

படிக்கும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டை இயக்காமல் எச்டிஎம்எல்லை மட்டும் எடுத்துச் செல்லும் நிரல்கள் வேறு நிறைய உண்டு, அவற்றுக்கு எதுவும் கிடைக்காது. விலையும் இருப்பும் அடிக்கடி மாறும் கடைத் தளங்களுக்குக் கூகுளே ஓர் எச்சரிக்கை தருகிறது: ஜாவாஸ்கிரிப்டில் உருவாகும் பொருள் விவரம் தாமதமாகவும் குறைந்த நம்பகத்தோடும் படிக்கப்படலாம். முடிந்தவரை சர்வரிலேயே எழுதி அனுப்புங்கள்.

இப்ப ஏஐயே பதில் சொல்லுது. அதுக்குன்னு தனி ஸ்கீமா இருக்கா?

கூகுள் தேடலின் ஏஐ பதில்களில் இடம்பெறத் தனி ஸ்கீமா எதுவும் தேவையில்லை என்பது கூகுள் சொல்லியிருப்பது. மார்க்கப்பில் இருப்பது பக்கத்தில் தெரிவதோடு பொருந்த வேண்டும் என்பதையும் அதே இடத்தில் வலியுறுத்துகிறது. ‘ஏஐ ஸ்கீமா’ என்ற பெயரில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஒழுங்கான தலைப்புகளும், தெளிவான பத்திகளும், சரியான ஆசிரியர் பெயரும் தேதியும் இங்கேயும் அவசியம்தான்.

நிகழ்ச்சி தள்ளிப்போச்சு. பக்கத்தை அழிச்சுட்டுப் புதுசாப் போடவா, மார்க்கப்ல ஏதாவது மாத்தணுமா?

அழிக்காதீர்கள். பழைய இணைப்பை வைத்துக்கொண்டு வருகிறவருக்குத்தான் செய்தி முதலில் தெரிய வேண்டும். ஈவென்ட் ஸ்டேட்டஸ் என்ற பண்பு இதற்காகவே இருக்கிறது. புதிய தேதி முடிவாகவில்லை என்றால் ‘ஈவென்ட் போஸ்ட்போன்டு’ என்று மாற்றி, தொடக்கத் தேதியைப் பழையபடியே விடுங்கள். புதிய தேதி முடிவானால் ‘ஈவென்ட் ரீஷெட்யூல்டு’ என்று மாற்றி, ஸ்டார்ட் டேட்டில் புதிய தேதியையும் ப்ரீவியஸ் ஸ்டார்ட் டேட்டில் பழைய தேதியையும் எழுதுங்கள். ரத்தாகிவிட்டால் ‘ஈவென்ட் கேன்சல்டு’, தேதியில் கைவைக்க வேண்டாம்.

பொருட்களுக்கும் இதே போலத்தான். சரக்கு தீர்ந்தால் அவெய்லபிலிட்டியில் ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’, இனி வரவே வராது என்றால் ‘டிஸ்கன்டினியூடு’. மார்க்கப்பில் மாற்றிய அதே நேரத்தில், பக்கத்தின் மேலே வாசகர் கண்ணில் படும் இடத்திலும் அந்த அறிவிப்பைப் போட்டுவிடுங்கள்.